ரோஸ் அடங்கியது, பச்சை அடங்கவில்லை: ஒரு பாய்ச் சாயக்கொட்டகையின் கழிவுநீர்

முதலில் வந்தது ஒரு பாட்டில். ஒரு லிட்டர் குடிநீர் பாட்டில் நிறைய, ரோஸ் மில்க்கில் பால் விட மறந்தது போன்ற நிறத்தில் தண்ணீர். கொண்டுவந்த அண்ணாச்சிக்குப் பத்தமடைப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. "என் நாத்தங்காலுக்கு இதுதான் பாயுது சார். நாத்து நுனியெல்லாம் கருகுது. இந்தச் சாயத்துல என்ன விஷம் இருக்குன்னு எழுதிக் குடுங்க" என்றார்.

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதுதான் அன்றாடப் பிழைப்பு. சாயம் நமக்குப் புதிது. மூன்றாம் நாள் அந்தத் தண்ணீருக்குச் சொந்தக்காரரே தேடி வந்துவிட்டார். கோரைக்குச் சாயம் போட்டு நெசவு வீடுகளுக்குக் கொடுப்பவர், அறுபது வயதைத் தாண்டியவர். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறது. (பாய்க்குச் சாயம் போடும் பாய் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.) "அவன் எனக்குச் சின்ன வயசுக் கூட்டாளி தம்பி. பஞ்சாயத்துக்குப் போக அவனுக்கும் மனசில்ல, எனக்கும் இல்ல. தண்ணியத் தெளிய வச்சு விட்டா முடிஞ்சு போச்சு. செலவு கைக்கு அடக்கமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அண்ணாச்சி சொன்ன 'நுனி கருகுது' என்ற வார்த்தையையும் காதில் வாங்காமல் விட்டேன். அந்தத் தப்பு இந்தக் கதையின் கடைசியில் வந்து நிற்கும்.

கொட்டகையில் பெரிதாக எதுவும் கிடையாது. விறகடுப்பின் மேல் இரண்டு அலுமினிய அண்டா, ஓரத்தில் ஊறவைத்து உலர்த்திய கோரைக் கட்டுகள், கம்பியில் சொட்டிக்கொண்டிருக்கும் சாயக் கோரை. அந்தக் காலத்தில் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்தார்கள். இப்போது பொட்டலச் சாயத்தூள். இரண்டு நிறம்தான் அதிகம் ஓடுகிறது. ஒன்று மெஜந்தா ரோஸ், கொஞ்சம் வினிகர் விட்டுப் போடுவது. இன்னொன்று பச்சை, ஐம்பது லிட்டர் அண்டாவுக்கு ஒரு கிலோ தூத்துக்குடிக் கல்லுப்பு போட்டுக் காய்ச்சுவது. எதற்கு ஒன்றில் வினிகரும் மற்றதில் உப்பும் என்று கேட்டேன். "வாப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாக" என்றார். அந்தப் பதிலுக்குள்தான் மொத்த வேதியியலும் இருந்தது.

மெஜந்தா பேசிக் வகைச் சாயம். தண்ணீரில் கரைந்ததும் அதன் நிறத் துகள் நேர்மின் சுமையோடு நிற்கும். கோரையிலும் சணலிலும் உள்ள லிக்னினுக்கு, அதாவது நாருக்கு விறைப்புத் தரும் பொருளுக்கு, கொஞ்சம் அமிலக் குணம் உண்டு என்பதால் இந்தச் சாயம் தானாகவே போய் ஒட்டும். அவசரப்பட்டு ஒட்டித் திட்டுத் திட்டாக ஆகாமல் நிதானப்படுத்தத்தான் வினிகர். பச்சை டைரக்ட் வகை. அதற்கு எதிர்மின் சுமை. நாரின் மேற்பரப்பும் தண்ணீரில் இலேசாக எதிர்மின்னோடு இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கி, சாயத்தை நாருக்குள் போக வைப்பதுதான் உப்பின் வேலை. ஆக, ஒரே வாய்க்காலில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு சாயங்கள் வந்துகொண்டிருந்தன. எங்களுக்கோ அப்போது எல்லாமே 'சாயத்தண்ணி'.

ஊரில் எல்லோரும் சொன்ன முதல் மருந்து தேத்தாங்கொட்டை. கலங்கல் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் அதை உரசிவிட்டால் காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும் என்பது நம் பாட்டிமார் கண்ட உண்மை. அதிலுள்ள கூட்டுச்சர்க்கரையும் புரதமும் மிதக்கும் களிமண் துகள்களைக் கோத்துக் கனமாக்கி அடியில் உட்கார வைக்கின்றன. ஆனால் சாயம் மிதக்கவில்லை, கரைந்திருக்கிறது. இரவு முழுக்க வைத்திருந்தும் ரோஸ் ரோஸாகவே இருந்தது. புளியங்கொட்டைப் பொடியும் அப்படித்தான். தண்ணீர் கொஞ்சம் வழவழத்தது, இரண்டாம் நாள் ஊசிப்போய் நாறியது, அவ்வளவுதான். இயற்கைப் பொருள் என்றால் கெடுதல் செய்யாது என்று நினைப்பவர்கள் அந்த வாளியை ஒருமுறை மோந்து பார்த்திருக்க வேண்டும். தேரிக்காட்டுச் செம்மணலையும் ஒரு கை பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்து கரிசல். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சாக்கு மண் வந்தது. அதைக் காயவைத்து, இடித்து, மாவுச் சல்லடையில் சலித்தேன். கண்ணாடிக் குவளையில் ரோஸ் தண்ணீரை ஊற்றி ஒரு கரண்டி மண் போட்டதும் சோடா திறந்த மாதிரி புஸ்ஸென்று நுரைத்தது. கரிசலோடு வந்த சுக்கான் கல் பொடி, அதாவது சுண்ணாம்பு, வினிகரோடு பொங்கிய பொங்கல் அது. கலக்கி வைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால், மேலே கிட்டத்தட்ட வெறும் தண்ணீர், அடியில் ஊதா கலந்த கறுப்புச் சேறு. பாய் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மண்ணைக் கரைச்சுத் தண்ணியத் தெளிய வைக்கியளே தம்பி!" என்றார்.

இது மந்திரம் ஒன்றும் இல்லை. கரிசல் கோடையில் வெடித்து மழையில் உப்புவதற்குக் காரணமான கனிமம் மான்ட்மோரில்லனைட் வகையைச் சேர்ந்தது. கடையில் பென்டோனைட் என்று விற்கும் களிமண்ணின் முக்கியப் பகுதியும் அதுதான். ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு. ஓர் ஏட்டின் கனம் ஒரு நானோமீட்டர் அளவுதான். ஒரு கிராம் தூய மான்ட்மோரில்லனைட்டின் ஏடுகளை எல்லாம் பிரித்து விரித்தால் 700, 800 சதுர மீட்டர் வரும். ஏடுகள் எதிர்மின் சுமை கொண்டவை. அவற்றின் இடுக்கில் சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் தளர்வாக உட்கார்ந்திருக்கும். நேர்மின் சாயம் வந்ததும் அவை எழுந்து இடம் விடும். 100 கிராமுக்கு இவ்வளவு அயனி மாற்றும் என்று மண்ணியலில் மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் ஓர் அளவு சொல்வார்கள். மான்ட்மோரில்லனைட்டுக்கு அது 80 முதல் 120 வரை, பீங்கான் களிமண்ணான கயோலினைட்டுக்கு 3 முதல் 15 வரைதான். பெரும்பாலும் வெறும் மணலான தேரி மண் கைவிட்டதற்கும் கரிசல் கைகொடுத்ததற்கும் காரணம் இந்த அயனி மாற்றும் திறனில் உள்ள இடைவெளி. பஞ்சு தண்ணீரைக் குடிப்பது உறிஞ்சுதல். இது வேறு, இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். சாயம் மண்ணின் பரப்பில்தான் போய் ஒட்டுகிறது. ஒட்ட இடம் தீர்ந்துபோனால் வேலையும் தீர்ந்தது.

அதே உற்சாகத்தில் மறுநாள் பச்சைத் தண்ணீரில் கரிசலைப் போட்டேன். பச்சை பச்சையாகவே நின்றது. இரண்டு கரண்டி, நான்கு கரண்டி போட்டுப் பார்த்தேன். கலங்கல் கூடியதே தவிர நிறம் அசையவில்லை. எதிர்மின் மண், எதிர்மின் சாயம். போடப் போடத் தள்ளுகிறது.

எதிர்மின்னைப் பிடிக்க நேர்மின் பரப்பு வேண்டும். இயற்கையில் கிடைக்கும் கூட்டுச்சர்க்கரைகளில் அப்படிப்பட்டது அபூர்வம். செல்லுலோஸ், மாவுச்சத்து இரண்டுக்கும் சுமையே கிடையாது, பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டுக்கு எதிர்மின் சுமை. கைட்டோசான்தான் விதிவிலக்கு. இறால், நண்டு ஓட்டில் உள்ள கைட்டினிலிருந்து எடுக்கிறார்கள். 1859-இல் ரூஷே என்ற பிரெஞ்சுக்காரர் கைட்டினைக் காரத்தில் காய்ச்சியபோது அமிலத்தில் கரையும் ஒரு பொருள் கிடைத்தது. இதன் பழங்கதை அங்கேதான் தொடங்குகிறது. இறால் ஓட்டுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை, தூத்துக்குடி பக்கத்திலேயே இருக்கிறது. நாமே செய்துவிட்டால் என்ன என்று பாய்க்கு ஓர் ஆசை வந்தது. நான் தடுத்துவிட்டேன். ஓட்டில் கைட்டினோடு சுண்ணாம்பும் புரதமும் பின்னிக் கிடக்கின்றன. சுண்ணாம்பை எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், புரதத்தை எடுக்க காஸ்டிக் சோடா, கடைசியாகக் கைட்டினைக் கைட்டோசான் ஆக்க 40, 50 சதவீதக் காஸ்டிக்கில் சூடேற்ற வேண்டும். ஒரு வாளிப் பச்சையைச் சுத்தம் செய்வதற்காகப் பல வாளிக் காரத்தண்ணீரைப் புதிதாக உண்டாக்குவது எந்த ஊர் நியாயம்? பொடியை விலைக்கே வாங்கினோம்.

ஒரு கிராம் பொடியை நூறு மில்லி தண்ணீரில், கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டு, இரவு முழுக்கக் கலக்கினால் வெண்டைக்காய் நறுக்கிய கைபோல் வழவழப்பான கரைசல் கிடைக்கும். பச்சைத் தண்ணீரை வினிகரால் லேசாகப் புளிக்க வைத்து இதைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தாமிரபரணிப் படித்துறையில் மிதக்கும் பாசிபோல் பச்சை நூல்கள் தோன்றி, ஒன்றோடொன்று கட்டிப் பிடித்து, மெல்ல இறங்கின. இங்கே கவர்தலும் திரட்டலும் ஒன்றாகவே நடக்கின்றன. ஆசையில் இன்னும் கொஞ்சம் விட்டேன். இறங்கிக்கொண்டிருந்த திட்டுகள் மறுபடி உடைந்து தண்ணீர் கலங்கியது. அளவு மீறினால் எல்லாத் துகளும் நேர்மின் ஆகி ஒன்றையொன்று தள்ள ஆரம்பித்துவிடும். மண் கொஞ்சம் கூடினால் பெரிய நட்டம் இல்லை. கைட்டோசான் அப்படி விடாது, கணக்காகப் போட வேண்டிய சரக்கு.

புளிப்பும் முக்கியம். பி.எச் எண் ஏற ஏறப் புளிப்பு குறையும். அது 6.5-ஐ ஒட்டி, அதற்கு மேலே போகப் போக, கைட்டோசானில் உள்ள அமினோ பகுதிகள் சுமையை இழந்துவிடும். சும்மா வெள்ளை வெள்ளையாகத் திரிந்து நிற்கும், சாயத்தைத் தொடாது. சுண்ணாம்பு கலந்த கரிசலை முதலில் போட்டுவிட்டு அதே தொட்டியில் அப்புறம் கைட்டோசான் விட்டால் ஏன் சொதப்புகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

இனி கொட்டகை. பின்புறச் சிமெண்டுக் குழியில் எல்லா நீரும் சேரட்டும், அங்கிருந்து எடுத்துச் சுத்தம் செய்வோம் என்று முடிவானது. அன்றைக்கு ரோஸ். குழியிலிருந்து மொண்டு தொட்டியில் விட்டு, குவளைக் கணக்கைப் பெருக்கிக் கரிசல் போட்டோம். தெளியவில்லை. இரண்டு மடங்கு போட்டும் இளம் ரோஸ் நின்றது. மறுநாள் பச்சைக்குக் கைட்டோசானும் படுத்துவிட்டது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அவர் பேரன்தான், "கண்ணாடி கிளாஸ்ல மட்டுந்தான் வேலை செய்யுமா சார்?" என்று கேட்டான். சுருக்கென்றது.

விடை குழிக்குள்ளேயே மிதந்தது. ஓரத்தில் ரோஸ் நிறத்தில் மெத்து மெத்தென்று கட்டிகள். சாயத் திப்பி என்று நினைத்து ஒன்றை எடுத்து நசுக்கினேன். பனீர்க் கட்டிபோல் நசுங்கியது, கையில் பிசுபிசுத்தது, முகர்ந்தால் மோர் வாடை. பக்கத்துக் கட்டடத்தில் பால் சேகரிப்பு நடக்கிறது. காலையில் கேன் கழுவும் தண்ணீர் அதே சாக்கடை வழியாகக் குழிக்கு வந்திருக்கிறது.

பாலின் முக்கியப் புரதமான கேசீனின் சுமை பி.எச் 4.6-இல் சமனாகிவிடும், அங்கே அது திரியும். வினிகர் விட்ட ரோஸ் தண்ணீர் ஏறக்குறைய அதே புளிப்பு. திரிந்த புரதம் கொஞ்சம் சாயத்தையும் தன்னோடு பிடித்துக்கொண்டதால்தான் ரோஸ் பனீர். திரியாமல் கரைந்து நின்ற புரதம் இன்னொரு வேலை செய்தது. புளிப்பில் நேர்மின் ஏறி, சாயத்துக்கு முன்னால் ஓடிப்போய்க் கரிசலின் பரப்பில் உட்கார்ந்துகொண்டது. களிமண்ணுக்கும் புரதத்துக்கும் இருக்கும் இந்த ஒட்டுறவு வெளிநாட்டில் ஒயின் காய்ச்சுபவர்களுக்கு நன்றாகத் தெரியும். புட்டியில் அடைத்த ஒயின் பின்னால் மங்கலாகிவிடக் கூடாது என்று பென்டோனைட்டைப் போட்டுப் புரதத்தை எடுத்துவிடுவார்கள். அங்கே உபகாரம், நமக்கு உபத்திரவம். பஸ்ஸில் நாம் ஏறுவதற்குள் துண்டு போட்டு இடம் பிடித்த கதைதான். பச்சை நாளில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான், ஆள் மட்டும் வேறு. கேன் கழுவும் சோப்பு எதிர்மின் சரக்கு, கைட்டோசானில் பாதியை அது சாப்பிட்டுவிட்டது. சோப்போடு வந்த சோடா மீதியின் புளிப்பை முறித்துவிட்டது.

பால்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. அவர் தண்ணீரை இரண்டு முழம் குழாய் வைத்து வேறு பக்கம் திருப்பினோம். மொத்த ஆய்விலும் செலவுக்குத் தகுந்த பலன் கொடுத்தது அந்தக் குழாய்தான் என்பது என் எண்ணம்.

அதோடு இன்னொன்றும் செய்தோம். ரோஸ் மிச்சத்தையும் பச்சை மிச்சத்தையும் ஒரே டிரம்மில் ஊற்றிப் பார்த்தோம். நேர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கணிசமான பகுதி கறுப்பு வண்டலாக அடியில் தங்கிவிட்டது. மீதியில் எந்த நிறம் மிஞ்சி நிற்கிறதோ அதற்கேற்ற மருந்து. ரோஸ் மிஞ்சினால் மண், பச்சை மிஞ்சினால் கைட்டோசான். சரக்குச் செலவு குறைந்தது.

சேறு கலையாமல் இருக்க வேண்டும் என்று செய்த இரண்டு முயற்சிகளைச் சொல்லியாக வேண்டும், இரண்டுமே தோல்வி என்றாலும். கரிசலை உருண்டை பிடித்து, காருகுறிச்சியில் ஒரு வேளாரிடம் கொடுத்துச் சூளையில் சுட்டு வாங்கினோம். கோலிக்குண்டு மாதிரி அழகாக வந்தது. ஆனால் சாயத்தைப் பிடிக்கவில்லை. சூளைச் சூட்டில் ஏடுகள் ஒட்டிப்போய், மறுபடி விரியாத ஓடாகிவிட்டது. பானை தண்ணீரில் கரையாததற்கும் இதுவே காரணம் என்பது சுட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. அடுத்தது ஆல்ஜினேட். சோடியம் ஆல்ஜினேட் கூழில் கரிசல் மாவைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் ஊசியால் சொட்டினால், விழும் ஒவ்வொரு சொட்டும் கறுப்பு ஜவ்வரிசியாக இறுகும். பேரனுக்கு அதில் ஏகப்பட்ட குஷி, உட்கார்ந்து ஒரு டப்பா நிறையச் சொட்டினான். ரோஸில் பிரமாதமாக வேலை செய்தது. கலப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறியதும் ஊதிப்போய்க் கொழகொழவென்று ஆகிவிட்டது. மணியை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியம். பச்சையோடு வந்த கல்லுப்பின் சோடியம் அதை வெளியே தள்ளிவிடுகிறது.

அந்தக் கொழகொழப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உப்பு என்ற சொல் எனக்கு உறைத்தது.

தெளிந்த தண்ணீரில், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ் மீட்டரை விட்டேன். ஐந்து இலக்கம் காட்டியது. ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, ஐம்பது லிட்டருக்கு ஒரு கிலோ உப்பு என்றால் லிட்டருக்கு 20,000 மில்லிகிராம். ரோஸ் கலந்ததில் கொஞ்சம் இளகியிருந்தது, அவ்வளவுதான். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு நம் மாநிலத்தில் வைத்திருக்கும் உச்ச வரம்பு 2,100. கரிசலும் கைட்டோசானும் சாயத்தைத்தான் பிடித்தன. உப்பை அவை தொடவே இல்லை, தொடவும் மாட்டா. நாற்று நுனி கருகுவது உப்பு மிகுந்த தண்ணீர் பாய்ந்த பயிரின் முதல் அடையாளம். அண்ணாச்சி முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார். நான்தான் பாட்டிலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே வயல் வாய்க்காலில் மீட்டரை முக்கியிருந்தால் பச்சையோடு வந்த உப்பு தெரிந்திருக்கும். இப்போது நாங்கள் செய்திருந்தது முன்பைவிட ஆபத்தான காரியம். ரோஸாக வந்தால் மடையை அடைப்பார், வெறும் தண்ணீர்போல வந்தால் பாய விட்டுவிடுவார்.

அண்ணாச்சியையும் வைத்துக்கொண்டு பாயிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் மீட்டரையே பார்த்துவிட்டு, "அப்ப ஒரு அண்டாத் தண்ணியத் திரும்பத் திரும்பக் காய்ச்சினா என்ன?" என்று அவரே வழி சொன்னார். சரியான வழி. பச்சை அண்டாவைக் கொட்டாமல் வைத்து, அடுத்த கட்டுக்குக் குறைந்த அளவு சாயத்தூளும் துளி உப்பும் சேர்த்தால் போதும். ஏற்கெனவே போட்ட உப்பு அதிலேயே இருக்கிறது. நிறம் அழுக்கேறும் வரை பல கட்டுக்கு ஓடும். கடைசியில் கொட்ட வேண்டி வரும் ஒரே அண்டாவைத் தெளியவைத்து, வாய்க்காலுக்கு விடாமல், கொட்டகை மொட்டை மாடியில் ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டியில் காய விடுகிறோம். தூத்துக்குடி உப்பளம் செய்வதைச் சின்ன அளவில் நம் வெயில் செய்கிறது. மிஞ்சும் அழுக்கு உப்பையும் கறுப்புச் சேற்றையும் சாக்கில் கட்டி, மழை படாத இடத்தில் வைத்து, அனுமதி பெற்ற கழிவு எடுப்பவர் வரும்போது கொடுக்கிறார். மண்தானே, வயலில் போட்டால் என்ன என்று அண்ணாச்சியே ஒருமுறை கேட்டார். மண் பிடித்ததை மண் என்றைக்கும் பிடித்தே வைத்திருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. உப்போ அமிலமோ பட்டால் கையை விட்டுவிடும்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் மாடித் தொட்டி நிரம்பிவிட்டது. பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிப் பார்த்தோம், காற்றில் கிழிந்தது. இப்போது பாய் மழை மாதங்களில் ரோஸ் மட்டும் போடுகிறார். அதற்கு உப்பு வேண்டாம், கரிசலே போதும். பச்சைக் கோரை கேட்டு வரும் நெசவு வீட்டாரிடம், "தை பிறக்கட்டும் லாத்தா" என்கிறார்.